விற்கப்போனவர் பணத்தை இழப்பது எப்படி?

ஆன்லைன் மோசடி என்றதும் பொருள் வாங்குகிறவர்தான் ஏமாறுவார் என்று ஒரு நினைப்பு இருக்கிறது. போனுக்குப் பணம் கட்டி, பார்சலைப் பிரித்தால் சோப்புக்கட்டி. இந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். ஆனால் பழைய தையல் மெஷினை விற்க விளம்பரம் போட்ட ஒருவர், மெஷின் வீட்டிலேயே இருக்க, வங்கிக் கணக்கு மட்டும் காலியாகிக் காவல் நிலையத்துக்குப் போகிறார் என்றால் கேட்பவருக்குக் குழப்பம்தான். பணம் வர வேண்டிய ஆளிடமிருந்து பணம் எப்படிப் போகும்? "இதுகூடத் தெரியாதா?" என்று அவரிடமே கேட்பவர்களும் உண்டு. அப்படிக் கேட்கும் முன், இந்த ஏமாற்று எப்படிக் கட்டப்படுகிறது என்று பார்த்துவிடலாம்.

## ஆபத்து எங்கே இருக்கிறது

சந்தையில் மாடு விற்றால் கயிறு கை மாறும்போதே பணமும் கை மாறிவிடும். ஆன்லைனில் அப்படி இல்லை. பேரம் ஒரு நாள், பணம் ஒரு நேரம், பொருள் இன்னொரு நேரம். இந்த இடைவெளிக்குள் "பணம் வந்துவிட்டது" அல்லது "இதோ வரப்போகிறது" என்று விற்பவர் நம்பும் ஒரு நொடி இருக்கிறது. மோசடிக்காரர் மெனக்கெடுவதெல்லாம் அந்த நொடிக்காகத்தான். அதை வைத்துப் பார்த்தால் வழிகள் நான்கு:

1. பணத்தின் திசையை மாற்றுவது. பணம் பெறுவதாக நினைத்து விற்பவரே பணம் அனுப்புகிறார்.
2. வராத பணத்தை வந்ததாகக் காட்டுவது.
3. உண்மையிலேயே வந்த பணம் பிறகு திரும்பிப் போவது.
4. பணம் ஒழுங்காக வந்து சேர்ந்து, விற்ற பொருளால் பின்னாளில் வம்பு வருவது.

நம் ஊரில் அதிகம் அடிபடுவது முதல் வகை. அதைப் புரிந்துகொள்ள யூபிஐ பற்றிக் கொஞ்சம் தெரிய வேண்டும்.

## பின் நம்பர் எதற்கு?

2016இல் தேசியக் கொடுப்பனவுக் கழகம், அதாவது என்பிசிஐ, கொண்டுவந்தது யூபிஐ. அதில் பணம் நகர இரண்டு வழிகள் வைக்கப்பட்டன. ஒன்று, கொடுப்பவர் தானே அனுப்புவது. இன்னொன்று, பெறுபவர் "எனக்கு இவ்வளவு அனுப்பு" என்று கோரிக்கை விடுப்பது. இதைக் கலெக்ட் ரிக்வெஸ்ட் என்பார்கள். கோரிக்கை வந்தவர் பின் நம்பரைப் போட்டால் பணம் போகும்.

இரண்டு வழியிலும் பின் போடுகிறவர் ஒருவர்தான்: எவர் கணக்கிலிருந்து பணம் போகிறதோ அவர். அந்த 4 அல்லது 6 இலக்கம், பழைய காலத்தில் செக்கில் போட்ட கையெழுத்துக்குச் சமம். பணம் பெறுகிறவர் எதிலும் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. தூங்கிக்கொண்டிருந்தாலும் பணம் வந்து சேரும், போன் அணைந்திருந்தாலும் சேரும்.

க்யூஆர் கோடும் அப்படித்தான். அந்தக் கறுப்பு வெள்ளைக் கட்டங்களுக்குள் மந்திரம் எதுவும் இல்லை, ஒரே ஒரு வரி எழுத்து இருக்கிறது. "செலுத்து" என்ற கட்டளை, பணம் போய்ச் சேர வேண்டிய யூபிஐ முகவரி, ஒரு பெயர், சில நேரம் தொகை, கூடவே ஒரு குறிப்பு. "பெற்றுக்கொள்" என்று ஒரு கட்டளையே அதில் கிடையாது. ஆனால் அந்தக் குறிப்பு என்ற இடத்தில் கோடைத் தயாரிப்பவர் எதை வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளலாம். "6,500 ரூபாய் பெற" என்று எழுதிவிட்டால், ஸ்கேன் செய்பவரின் திரையில் அந்த வாசகமும் தோன்றும். அவசரத்தில் இருப்பவர் கண்ணில் படுவது அந்த வாசகம்தான். மேலே "செலுத்து" என்று இருப்பதைப் பார்ப்பதில்லை.

## 'ஆர்மிக்காரர்' வருகிறார்

தையல் மெஷின் விளம்பரம் போட்ட பத்தாவது நிமிடம் போன் வருகிறது. பேசுகிறவர் பேரமே பேசுவதில்லை. இது முதல் அடையாளம். 6,500 சொன்னால் 6,500. பழைய பொருளை விலை குறைத்துக் கேட்காத ஆள் நம் நாட்டில் உண்டா என்று விற்பவர் யோசிப்பதில்லை, சந்தோஷப்படுகிறார்.

"சார், நான் ஆர்மியில இருக்கேன். ஆவடிக்கு மாற்றல் ஆகி வர்றேன். நேர்ல வர முடியாது, யூனிட் வண்டி வந்து எடுத்துக்கும். பணத்தை இப்பவே போட்டுடுறேன்" என்கிறார். சூலூர், வெலிங்டன், பரங்கிமலை என்று ஊருக்கு ஏற்றாற்போல் இடம் மாறும். வாட்ஸ்அப்பில் சீருடை போட்ட படம், ராணுவ அடையாள அட்டை, கேன்டீன் கார்டு எல்லாம் வரிசையாக வந்து விழும். சீருடைக்கு நம் ஊரில் இருக்கும் மரியாதையைத்தான் இங்கே முதலாகப் போடுகிறார்கள். அந்த அட்டை போலியாக இருக்கலாம். வேறொரு சிப்பாயின் உண்மையான அட்டையாகவும் இருக்கலாம், அவரும் ஏமாற்றப்பட்டு அதைக் கொடுத்திருக்கலாம். எப்படி இருந்தாலும், கேட்காமலே அடையாள அட்டையை அனுப்புகிறவரிடம் ஒரு சந்தேகம் இருப்பது நல்லது.

அடுத்துதான் நுட்பமான வேலை. "ஆர்மி அக்கவுண்ட் சார், ரூல்ஸ் வேற மாதிரி. முதல்ல 5 ரூபாய் டெஸ்ட் பண்ணிப் பார்ப்போம்" என்று ஒரு க்யூஆர் வருகிறது. விற்பவர் ஸ்கேன் செய்து பின் போடுகிறார். 5 ரூபாய் போகிறது, உடனே 10 ரூபாய் வருகிறது. "பார்த்தீங்களா, நீங்க போட்டது டபுளா வந்துருச்சு. எங்க சிஸ்டம் அப்படித்தான்." அந்த 10 ரூபாயை எதிராளி கையால் அனுப்பியிருக்கிறார், அவ்வளவுதான். ஆனால் விற்பவரின் மனதில் "பின் போட்டால் பணம் வரும்" என்ற பாடம் பதிந்துவிட்டது. 5 ரூபாய்க்கு இதைவிட மலிவான டியூஷன் கிடையாது. அப்புறம் 6,500க்கு க்யூஆர். பணம் போகிறது, வரவில்லை. "நெட்வொர்க் பிரச்சினை சார், மாட்டிக்கிச்சு. இன்னொரு தடவை 13,000 போட்டீங்கன்னா மொத்தமா வந்துரும்." போன பணத்தை மீட்க வேண்டும் என்ற பதைப்பில் மூன்றாவது, நான்காவது முறையும் பின் போடுகிறார்கள். பெரிய தொகை போவது முதல் தவறில் இல்லை, அதைச் சரிசெய்யப்போகும் அந்தக் கால்மணி நேரத்தில்.

போனைக் கீழே வைக்கவே விடமாட்டார்கள் என்பதையும் கவனிக்க வேண்டும். அழைப்பு தொடர்ந்து இருக்கும்வரை விற்பவர் பக்கத்தில் இருப்பவரிடம் ஒரு வார்த்தை கேட்க முடியாது. கேட்டுவிட்டால் ஆட்டம் முடிந்துவிடும்.

இதைத் தொழிலாகவே நடத்தும் கும்பல்கள் ராஜஸ்தானின் ஆல்வார், பரத்பூர், ஹரியானாவின் நூ மாவட்டம் சேர்ந்த மேவாத் வட்டாரத்தில் இருப்பது காவல்துறை விசாரணைகளில் திரும்பத் திரும்ப வெளிப்பட்டிருக்கிறது. 2023 ஏப்ரல் கடைசியில் நூ மாவட்டத்தின் 14 கிராமங்களில் ஏறக்குறைய 5,000 போலீசார் ஒரே இரவில் சோதனை போட்டார்கள். தையல் மெஷினுக்குப் போன் செய்யும் ஆளுக்குப் பின்னால் சிம் கார்டு வாங்கித் தருகிறவர், வங்கிக் கணக்கை வாடகைக்கு விடுகிறவர், பேசுகிறவர், பணத்தை எடுக்கிறவர் என்று ஒரு வரிசையே இருக்கிறது.

## விதி மாறியிருக்கிறது, கொஞ்சம்

கலெக்ட் ரிக்வெஸ்ட் இப்படிப் பயன்பட்டதால், தனிநபர்களுக்கு இடையிலான கோரிக்கைக்கு முதலில் 2,000 ரூபாய் வரம்பு வைத்தார்கள். பிறகு 2025 அக்டோபர் 1 முதல் அந்த வசதியையே என்பிசிஐ நிறுத்திவிட்டது. நல்ல முடிவு, தாமதமான முடிவும்கூட. ஆனால் வியாபாரிகளின் கணக்குகளிலிருந்து வரும் கோரிக்கைகளுக்கு அந்த முடிவு பொருந்தவில்லை. க்யூஆர் வழி அப்படியே இருக்கிறது. ஆகவே "கலெக்ட் ரிக்வெஸ்டைத்தான் எடுத்துவிட்டார்களே, இனிப் பயமில்லை" என்று நினைத்தால் தவறு.

2025 தொடக்கத்தில் இன்னொரு பேச்சும் பரவியது. யாரோ சின்னத் தொகை ஒன்றைப் போடுவார்களாம், நீங்கள் பாலன்ஸ் பார்க்கப் பின் போட்டதும் காத்திருந்த கோரிக்கை ஒப்புதலாகிப் பணம் போய்விடுமாம். ஆப்பைத் திறப்பதாலோ பாலன்ஸ் பார்ப்பதாலோ எந்தக் கோரிக்கையும் தானாக ஒப்புதல் ஆகாது என்று என்பிசிஐ விளக்கியது. இதைச் சொல்வதற்குக் காரணம் உண்டு. பாலன்ஸ் பார்க்கவே பயந்தால், அடுத்து வரும் மோசடியில் மாட்டிக்கொள்வோம்.

## வராத பணம்

பொருளை எடுக்க ஆள் நேரில் வருகிறார். வாசலில் நின்று போனைத் தட்டுகிறார், பச்சை டிக் காட்டுகிறார், டிங் என்று சத்தமும் வருகிறது. "போட்டாச்சு அண்ணே." உண்மையான ஆப்பின் திரையை அச்சு அசலாகக் காட்டும் போலி ஆப்கள் இருக்கின்றன. பெயர், தொகை, நேரம் எல்லாவற்றையும் நாமே அடித்துக்கொள்ளலாம். ஸ்கிரீன்ஷாட்டைத் திருத்துவது அதைவிடச் சுலபம்.

இதன் தம்பி ஒன்று இருக்கிறது. 3,000 ரூபாய்ப் பொருளுக்கு "30,000 வரவு" என்று எஸ்எம்எஸ் வரும். உடனே அழுகுரலில் போன்: "ஒரு சைபர் கூடப் போட்டுட்டேன், ஆஸ்பத்திரிக்கு வெச்சிருந்த காசு, 27,000 திருப்பி அனுப்பிடுங்க." அந்த எஸ்எம்எஸ் வந்த இடத்தைப் பார்த்தால் 10 இலக்க மொபைல் எண் இருக்கும். வங்கியின் செய்தி அப்படி வராது, வங்கியின் பெயரைக் குறிக்கும் எழுத்துகளோடு வரும். ஆனால் இந்த வித்தியாசத்தைக் கற்றுக்கொள்வதைவிட எஸ்எம்எஸ்ஸை நம்பாமல் இருப்பதே மேல். செய்ய வேண்டியது இவ்வளவுதான்:

1. எதிராளியின் திரையைப் பார்க்காதீர்கள். உங்கள் போனில், உங்கள் வங்கி ஆப்பில், கணக்கு விவரத்தைப் பாருங்கள்.
2. அதில் வரவு தெரியும்வரை பொருள் வாசலைத் தாண்டக் கூடாது. "சர்வர் டவுன்" என்றால் சர்வர் எழும்வரை உட்காரவைத்துக் காபி கொடுக்கலாம்.
3. யாராவது உண்மையிலேயே தவறாகப் பணம் போட்டிருந்தால் அவர் தன் வங்கியில் சொல்லட்டும். உங்கள் வங்கி கேட்டால் பதில் சொல்லலாம். நீங்களாக எந்த எண்ணுக்கும் திருப்பி அனுப்ப வேண்டியதில்லை.
4. "உங்கள் போனில் ஏதோ கோளாறு, நான் சரி செய்கிறேன்" என்று திரையைப் பகிரும் ஆப்பை ஏற்றச் சொன்னால் அழைப்பைத் துண்டியுங்கள். எனிடெஸ்க் போன்ற ஆப்கள் இப்படிப் பயன்படுவதாக ரிசர்வ் வங்கி 2019 பிப்ரவரியிலேயே எச்சரித்தது.

சில ஆயிரம் ரூபாய்ப் பொருளுக்கு ரொக்கம் வாங்குவதில் எந்தப் பிற்போக்கும் இல்லை. பெரிய தொகை என்றால் வங்கிக் கிளையில் சந்தித்து, அங்கேயே எண்ணிக் கட்டிவிடலாம்.

## வந்த பணம் திரும்பிப் போனால்?

இரண்டாவது கைப் பொருட்களை இணையத்தில் ஏலம் விடும் பழக்கம் 1995 செப்டம்பரில் பியர் ஒமிதியார் தொடங்கிய தளத்திலிருந்து பரவியது. பின்னாளில் ஈபே ஆன அந்தத் தளத்தில் முதலில் விற்றது ஓர் உடைந்த லேசர் பாயின்டர், விலை 14.83 டாலர். இந்தியாவில் ஈபே 2018 ஆகஸ்டில் மூடப்பட்டுவிட்டது. ஆனால் லண்டனிலும் டொராண்டோவிலும் பழைய கேமரா, வாட்ச் விற்கும் தமிழர்களுக்கு இது அன்றாடச் சந்தை. அங்கே விற்பவரின் கவலை வேறு மாதிரி.

முதலாவது, வாங்குபவரின் நற்பெயர் எதையும் சொல்லாது. 2008 முதல் விற்பவர்கள் வாங்குபவருக்கு எதிர்மறை மதிப்பீடு தர முடியாது. விற்பவர்கள் பழிவாங்கலாக மோசமான மதிப்பீடு கொடுத்ததால் வந்த விதி அது, நியாயமும் இருந்தது. விளைவு என்னவென்றால், வாங்குபவர் எல்லோருமே 100 சதவீத யோக்கியர்களாகத் தெரிகிறார்கள். கணக்கு எவ்வளவு பழையது, எத்தனை பொருள் வாங்கியிருக்கிறார் என்பதுதான் கொஞ்சம் உதவும்.

இரண்டாவது, ஏலத்துக்கே உரிய ஒரு கூட்டுச் சதி. ஒருவர் குறைந்த விலை கேட்பார். அவருடைய கூட்டாளி தாறுமாறாக உயர்த்திக் கேட்டு மற்றவர்களை விரட்டுவார். முடியும் நேரத்தில் கூட்டாளி தான் கேட்ட விலையைத் திரும்பப் பெற, பொருள் முதல் ஆளுக்கு அடிமாட்டு விலைக்குப் போகும். கடைசி 12 மணி நேரத்தில் திரும்பப் பெறுவதை ஈபே கடுமையாகக் கட்டுப்படுத்தியிருப்பது இதனால்தான். விற்பவர் கையில் இருக்கும் பாதுகாப்பு, தொடக்க விலையையே தனக்குக் கட்டுபடியாகும் விலையாக வைப்பது.

மூன்றாவதும் மோசமானதும், திருப்பி அனுப்பும் விளையாட்டு. நல்ல கேமராவை வாங்கிக்கொண்டு, "விளம்பரத்தில் சொன்னபடி இல்லை" என்று புகார் செய்து, தன்னிடம் இருந்த பழுதான அதே மாடலைத் திருப்பி அனுப்புவது. தளத்தின் உத்தரவாதம் பெரும்பாலும் வாங்குபவர் பக்கம் சாயும். இதற்கு எதிராக உதவுவது சான்றுதான். பொருளின் வரிசை எண் தெரியும்படி படம், பெட்டியில் வைத்து ஒட்டி எடை பார்ப்பது வரை வெட்டில்லாத ஒரே வீடியோ, பின்தொடரும் எண்ணுள்ள தபால். 750 டாலரும் அதற்கு மேலும் என்றால் கையெழுத்து வாங்கி ஒப்படைக்கும் சேவை வேண்டும். "என் அக்கா வீட்டு முகவரிக்கு அனுப்புங்கள்" என்று பிறகு கேட்டால் முடியாது என்று சொல்லிவிட வேண்டும். ஆர்டரில் உள்ள முகவரியை விட்டு விலகினால் தளத்தின் பாதுகாப்பும் விலகிவிடும்.

நம் ஊரில் திரும்பிப் போகும் பணத்துக்கு வேறு வடிவம் இருக்கிறது, எனக்கு இதுதான் எல்லாவற்றையும்விடக் கவலை தருகிறது. 60,000 ரூபாய் போனை வாங்க ஆள் நேரில் வருகிறார். "அண்ணன் பணம் போடுவார்" என்கிறார். உங்கள் ஆப்பில் உண்மையான 60,000 வருகிறது. எல்லாம் சரியாகத்தான் நடந்திருக்கிறது. ஆனால் அந்தப் பணம் வேறு மாநிலத்தில் வேறொருவரை ஏமாற்றி அனுப்பவைத்தது. அவர் புகார் செய்ததும் பணம் போன தடத்தைப் பிடித்துக்கொண்டு வங்கி உங்கள் தொகையை நிறுத்திவைக்கிறது, சில நேரம் கணக்கே முடங்குகிறது. சந்தேகத்துக்குரிய சொத்தை முடக்கும் அதிகாரம் காவல்துறைக்கு இப்போது நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா என்ற குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 106ஆவது பிரிவில் இருக்கிறது. போனும் போய், பணமும் முடங்கி, தெரியாத ஊர்க் காவல் நிலையத்துக்கு விளக்கம் எழுத வேண்டியிருக்கும்.

அதனால், முன்னால் நிற்பவரின் பெயரும் பணம் வரும் கணக்கின் பெயரும் ஒன்றாக இல்லாவிட்டால் விலையுயர்ந்த பொருளைக் கொடுக்காதீர்கள். அடையாள அட்டையின் நகல், பொருளின் ஐஎம்இஐ அல்லது வரிசை எண் எழுதி இருவரும் கையெழுத்திட்ட ஒரு தாள், பழைய பில்லின் படம், விளம்பரத்தின் ஸ்கிரீன்ஷாட், பேசிய சாட். நீங்கள் விற்றவர், கூட்டாளி இல்லை என்று காட்டும் காகிதங்கள் இவைதான்.

## பணம் சரி, வண்டி?

பைக்கும் காரும் தனி. பணம் வாங்கி, சாவி கொடுத்து, பெயர் மாற்றத்துக்கான படிவம் 29, 30இல் கையெழுத்தும் போட்டுக்கொடுத்துவிட்டால் விற்பனை முடிந்தது என்று நினைப்பவர்கள் ஏராளம். வாங்கியவர் பெயர் மாற்றாமலே ஓட்டலாம், இன்னொருவருக்கு விற்கலாம். ஆர்சி உங்கள் பெயரில் இருக்கும்வரை அபராதச் சீட்டு உங்களுக்குத்தான் வரும்.

அபராதத்தோடு நின்றால் பரவாயில்லை. ஹரியானா வழக்கு ஒன்றில், 2007இல் விற்கப்பட்ட கார் பல கை மாறி 2009இல் விபத்தில் சிக்கியது. பெயர் மாற்றப்படவில்லை. பதிவேட்டில் எவர் பெயர் இருக்கிறதோ அவரே உரிமையாளர், இழப்பீட்டுப் பொறுப்பும் அவருக்கே என்று 2018 பிப்ரவரியில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 50ஆவது பிரிவுப்படி, அதே மாநிலத்துக்குள் விற்றால் 14 நாளுக்குள் விற்றவரும் பதிவு அலுவலகத்துக்குத் தெரிவிக்க வேண்டும். பெயர் மாற்றம் வாங்குபவர் வேலை என்று விட்டுவிடாமல், முடிந்தால் இருவரும் சேர்ந்தே விண்ணப்பத்தைப் பதிந்துவிட்டு அப்புறம் சாவியைக் கொடுப்பது நல்லது. "ஓட்டிப் பார்க்கிறேன்" என்பவரைத் தனியாக அனுப்பாமல் பின்னால் ஏறி உட்கார வேண்டும் என்பதைச் சொல்லத் தேவையில்லை, இருந்தாலும் சொல்லிவைக்கிறேன்.

பழைய போன் விற்பவர்கள் வங்கி ஆப்களிலிருந்து வெளியேறி, கூகுள் அல்லது ஆப்பிள் கணக்கை நீக்கி, போனை முழுமையாக ரீசெட் செய்து, சிம்மை எடுத்துவிட்டுத்தான் கொடுக்க வேண்டும்.

## போய்விட்டால்

பின் போட்டு அனுப்பிய பணத்தை வங்கி திருப்பித் தருமா? 2017 ஜூலையில் ரிசர்வ் வங்கி போட்ட விதி, வாடிக்கையாளர் அனுமதி இல்லாமல் நடந்த பரிவர்த்தனைக்குப் பாதுகாப்பு தருகிறது. மூன்று வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும் என்ற கணக்கெல்லாம் அதில்தான் வருகிறது. ஏமாந்து போட்டாலும் பின் போட்டது நீங்கள் என்பதால், உங்கள் அனுமதியோடு நடந்தது என்றே வங்கி வாதிடும். எனவே விதியை நம்பிக் காத்திருப்பதைவிட, பணம் ஏடிஎம்மில் எடுக்கப்படும் முன் வழியிலேயே மறிப்பதுதான் வாய்ப்பு.

1. உடனே சைபர் மோசடிக்கான உதவி எண் 1930க்கு அழையுங்கள். அங்கிருந்து தகவல் வங்கிகளுக்குப் போய், பணம் எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே தடுக்கப் பார்ப்பார்கள். அரை மணிக்கும் அரை நாளுக்கும் பெரிய வித்தியாசம்.
2. பரிவர்த்தனை எண், நேரம், தொகை, எதிராளியின் யூபிஐ முகவரி கையில் இருக்கட்டும். பதற்றத்தில் சாட்டை அழித்துவிடாதீர்கள்.
3. உங்கள் வங்கியிலும் புகார் பதிந்து எண் வாங்குங்கள். யூபிஐ ஆப்பிலும் பதியலாம்.
4. மத்திய உள்துறையின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் எழுத்துப்பூர்வமாகப் பதியுங்கள்.

இதற்குப் பிறகு சில நாளில் இன்னொரு போன் வரலாம். "சைபர் செல்லிலிருந்து பேசுகிறோம், உங்கள் பணத்தைக் கண்டுபிடித்துவிட்டோம், விடுவிக்க 2,000 ரூபாய் கட்டணம், இந்தக் க்யூஆரை ஸ்கேன் செய்யுங்கள்." பணத்தை விடுவிக்கக் காவல்துறை யாரிடமும் க்யூஆரில் கட்டணம் வாங்குவதில்லை. அந்த எண்ணையும் அதே புகாரோடு சேர்த்துக் கொடுத்துவிடுங்கள்.